கம்பளி வழியாக வெளிச்சம்

புருலுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வராமல் என்ன செய்யும்?

ஆறு வருடமாக பிஷ்கேக் நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் கணினி விளையாட்டுகளுக்குப் பின்னணி வரைகிறாள். அவள் பெயரோடு ஆட்டத்தில் வரப்போகும் முதல் ஓவியம் இதுதான். ஏரிக்கரை, அந்தி, முதல் பனி, நடுவே ஒரு கம்பளிக் கூடாரம், உள்ளே விளக்கு. விளக்கை எரியவைக்க அவள் வெளிச்சத்தை வாரி இறைக்கவில்லை. சுற்றியிருந்ததைத்தான் மூன்று நாளாக இருட்டாக்கினாள். கதவிடுக்கில் கிட்டத்தட்ட வெள்ளையாக ஒரு கீற்று, அதன் விளிம்பில் மட்டும் ஆரஞ்சு, பனிமேல் அது விழுந்த இடத்தில் மங்கலாக ஒரு கோடு. பார்த்தால் கை நீட்டிக் குளிர்காயத் தோன்றும்.

முதலாளி தாலாய்பெக் போர்சோக் என்ற பொரித்த ரொட்டித் துண்டைத் தேநீரில் தோய்த்துக் கடித்தபடி பார்த்தார்.

"ஒரே இருட்டா இருக்கே. கூடாரம் முழுக்கத் தகதகன்னு இருக்க வேணாமா? நம்மகிட்ட வேலை கொடுத்த வெளிநாட்டுக்காரன் அனுப்புன மாதிரிப் படத்தப் பாத்தியா இல்லையா?"

"அவன் காகித விளக்க வரஞ்சு வச்சிருக்கான், பைக்கே." அண்ணன் முறைக்கு அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இது ஆட்டு ரோமம். விரல் தடிமன் இருக்கு. எப்படி வெளிச்சம் வரும்?"

"நீ போட்டா வரும்."

"வருசா வருசம் கோடைக்குக் கூடாரத்துல படுத்து வளந்தவர்தானே நீங்க? ஒரு நாளாவது சுவர் வழியா வெளிச்சம் வந்துச்சா?"

"அது வாழ்க்கை. இது ஆட்டம். நாலு மணிக்கு அனுப்பணும், தள்ளு!"

அவள் கையிலிருந்த கணினிப் பேனாவைப் பிடுங்கி, திரையில் இருப்பதிலேயே பெரிய தூரிகையைத் தேர்ந்து, கூடாரம் முழுக்க ஆரஞ்சை அப்பினார். குரங்கு கையில் பூமாலை. விளக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அப்படியே அனுப்பியும் விட்டார்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அவரே உரக்கப் படித்தார்: "பிரமாதம்! தீப்பிடித்த கூடாரம் அற்புதம். உள்ளே ஆட்கள் அலறும் சத்தமும் சேர்க்கலாமா?"

தாலாய்பெக் தொண்டையைக் கனைத்தார்.

"அவனுக்குப் புடிச்சிருக்குல்ல? கொஞ்சம் புகையும் போட்டு அனுப்பிடு."

புருல் புகையைப் போட்டாள், அவர் கேட்டதற்கு மேலேயே. பிறகு படத்தின் அடியில் 'வரைந்தவர்: புருல்' என்றிருந்ததை அழித்துவிட்டு, 'தீ வைத்தவர்: தாலாய்பெக்' என்று எழுதி அனுப்பினாள்.