என் பல்லைத் திருப்பிக் கொடுங்கள்

வகுப்பில் எனக்கு வைத்த பெயர் ஓப்பனர். மேல்வரிசையில் இரண்டு பற்கள் உதட்டைத் தாண்டி முந்திக்கொண்டு நிற்பதால் அந்தப் பட்டம். சோடா பாட்டிலை என் மேசையில் வைத்து, "கொஞ்சம் திறந்து குடேன்" என்பார்கள். வகுப்பே சிரிக்கும். பதில் தெரிந்தாலும் கையைத் தூக்குவதை விட்டேன். மதியம் தனியாகச் சாப்பிட்டேன், பிறகு சாப்பாட்டையே விட்டேன். காலையில் பையை மாட்டினாலே வயிற்றைப் பிசையும். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். வயிற்றில் என்ன இருக்கும், எல்லாம் வாயில்தானே இருக்கிறது!

இந்த வருடம் போதும் போதும் என்றாகிவிட்டது. வகுப்பு போட்டோவில் வாயைத் திறந்து சிரிப்பது என்று முடிவெடுத்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் வாரக்கணக்கில் பழகினேன். போட்டோக்காரர் "ரெடி" என்றதும் என் கை வழக்கம்போல வாயை மறைக்கக் கிளம்பியது. இன்னொரு கையால் அதைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன். அப்பாடா என்றிருந்தது.

மாதிரிப் படம் பள்ளிக்கு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகம் என்னுடையது. வாயில் மட்டும் யாருடைய பற்களோ, சோளமணி மாதிரி வரிசையாக.

"யாருடி இது, ஓப்பனரோட அக்காவா?" என்றது கடைசி பெஞ்சு.

மாலையில் அம்மாவை இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"அண்ணா, என் பல்லைத் திருப்பிக் குடுங்க."

போட்டோக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தார். "நல்லாத்தானே இருக்கு? உன் பல்லுக்கு மட்டும் எவ்வளவு நேரம் உக்காந்தேன் தெரியுமா?"

"நான் கேட்டேனா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் ஃபோன் பண்ணிச் சொன்னேன்," என்றாள் அம்மா. "காலத்துக்கும் எல்லார் வீட்டுலயும் இருக்கப்போற படம். பாத்துப் பாத்துச் சிரிப்பாங்க. நீ சாப்பிடாம சுருண்டு கிடந்ததப் பாத்தவ நான்."

கோபம் தலைக்கேறியது. "அவங்க கேலிதான் பண்ணாங்க. நீ அழிச்சே போட்டியேம்மா!"

அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பேசினாலும் சிரித்தாலும் அவளுக்கு அந்தக் கை வேண்டும். எனக்கு இந்தப் பல்லைக் கொடுத்தவளே அவள்தான். கல்யாண ஆல்பத்தில்கூட அவள் பல் தெரிகிற படம் ஒன்று கிடையாது.

"இன்னிக்கே பிரிண்டுக்கு அனுப்பணும்," என்றார் போட்டோக்காரர். "நீங்க சொன்னாத்தான் மாத்துவேன், அக்கா."

"பழசக் காட்டுங்க அண்ணா. அம்மா பாக்கட்டும்."

திரையில் பழைய படம் வந்தது. பல்லும் நானுமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"நீ இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு," என்றாள். "நாளைக்கு ஏதாவது சொன்னாங்கன்னா?"

"ஓப்பனர்னுதான் சொல்வாங்க. சொல்லட்டும். இனிமே நான் வாயை மூடிக்கிட்டு இருக்கப்போறதில்ல."

அம்மா போட்டோக்காரர் பக்கம் திரும்பி, "இதையே போடுங்க தம்பி," என்றாள். "எனக்குப் பெருசா ஒண்ணு தனியா வேணும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கை பாதி தூரம் கிளம்பியது. நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.