டயலில் ஒரு கீறல்

கண்ணாடி ஐந்து துண்டுகளாக வந்தது. பிரிசில்லா அவற்றைப் பழைய தலையணை உறையில் சுற்றி, ஒரு கேக் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இறந்துபோன அவளுடைய அப்பா பீட்டரின் வால்வு ரேடியோவில் இருந்த டயல் கண்ணாடி. மர்பி டவுன் வீட்டில் அலமாரியைத் துடைக்கும்போது மேல்தட்டிலிருந்து குக்கர் விழுந்து உடைந்ததாம்.

ஜீவனஹள்ளியில் என் கடையில் இருப்பது ஒரே ஒரு லேசர் மெஷின். வீட்டு நம்பர், கல்யாணப் பரிசு, டாக்டர்களின் பெயர்ப்பலகை எல்லாம் வயிற்றுக்காக வெட்டுவது. பழைய ரேடியோவின் பின்பலகை, ஸ்பீக்கர் அட்டை, டயல் ஆகியவை எனக்காக. உடைந்ததை ஸ்கேன் செய்து, திரையில் அதன்மேல் கோடு கோடாக வரைந்து, அக்ரிலிக்கில் வெட்டி, ஊர்ப் பெயர்களைப் பொறிப்பேன். யாரோடும் பேச வேண்டியிராத வேலை.

துண்டுகளைச் சேர்த்து வைத்தபோது, இரண்டு ஊர்ப் பெயர்களுக்கு நடுவே செங்குத்தாக ஒரு கீறல் தெரிந்தது. யாரோ ஆணியால் அழுத்தி இழுத்திருந்தார்கள். நகம் வைத்தால் தட்டுப்பட்டது.

"இது வேணுமா, எடுத்துடவா?"

பிரிசில்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதப் பத்தித்தான் பேசணும்ணா. அப்பா மைன்ஸ்ல இருவத்தஞ்சு வருஷம். மூடினப்புறம் இங்க வந்து செக்யூரிட்டி வேலை. மதியம் ட்யூட்டி முடிஞ்சு வந்து படுத்தா தூக்கம் வராது. 'இன்னா ஊர் இது, இவ்ளோ அமைதியா இருக்குது'ன்னுவாரு. மர்பி டவுன அமைதின்னு சொன்ன ஒரே மனுசன் அவருதான்."

எனக்குப் புரிந்தது. என் அப்பாவும் கோலார் தங்கவயலில் பாதாளத்தில் இறங்கியவர். அடிவரைக்கும் காற்றைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் ஒன்று உண்டு. ஷிப்ட் முழுக்க அது சீறிக்கொண்டே இருக்கும். சீறல் நின்றால்தான் பயம் என்பார். பாறை சரிந்து மாட்டிக்கொண்டவர்கள் அந்தக் குழாயைத்தான் கல்லால் தட்டுவார்கள். பீட்டர் ஏதோ ஒரு மதியம், ரேடியோவில் ஸ்டேஷன் எதுவும் இல்லாத ஓர் இடத்தில், அந்தச் சீறலைக் கண்டுபிடித்திருக்கிறார். மறுபடி தொலைக்காமலிருக்க அடையாளம் போட்டுவிட்டார்.

"அவரு போய் மூணு வருஷம் ஆச்சு. டெய்லி மூணு மணிக்கு அம்மா ரேடியோவப் போடும். கண்ணு சரியாத் தெரியாது. கீறல் மேல வெரல வெச்சுக்கிட்டு, முள்ளு வெரலுக்குக் கீழ வர்ற வரைக்கும் திருப்பும். அப்புறம் அஞ்சு மணி வரைக்கும் அசையாது. அப்பா பைப்பத் தட்டறாராம். ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு. அவரு தட்டு அதுதானாம்."

"நீ கேட்டியா?"

"ரேடியோல கொரகொரன்னு எது வேணா கேக்கும்ணா." அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கு புனேக்கு டிரான்ஸ்ஃபர். அம்மா வரமாட்டேங்குது. நான் வந்துட்டா அவருக்கு யார் பதில் தட்டறதுன்னு கேக்குது. கீறலக் கொஞ்சம் தள்ளிப் போட்டுடுங்க. நாலு நாள் சத்தம் கேக்கலன்னா, அழுதுட்டு எழுந்து வந்துடும்."

துண்டுகளை ஸ்கேன் செய்து திரையில் வரைந்தேன். பிறகு அந்தக் கோட்டை வலப்பக்கம் நான்கு மில்லிமீட்டர் நகர்த்தினேன். மெஷின் அதைப் பொறித்தபோது சின்னதாக ஒரு புகை எழுந்தது.

அவள் போன பிறகு இன்னொரு டயலும் வெட்டினேன், கீறல் அதன் சொந்த இடத்தில் இருக்கும்படி. எதற்கென்று தெரியவில்லை. செய்தித்தாளில் சுற்றிக் கடைப் பரணில் வைத்தேன்.

எட்டாம் நாள் பிரிசில்லா போன் செய்தாள். "அண்ணா, கொஞ்சம் வீட்டுக்கு வரீங்களா? அம்மா சாப்பிடல. ரேடியோவ நிறுத்த விடமாட்டேங்குது."

செய்தித்தாள் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மர்பி டவுனில் நல்ல வெயில். எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஜன்னலோரம் பிரிசில்லாவின் அம்மா மேரியம்மா உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு எவர்சில்வர் கரண்டியோடு. நான் செய்த டயல் மஞ்சளாக எரிந்தது. வால்வு சூட்டில் அறையே வெதுவெதுவென்று இருந்தது.

"டயல் செஞ்ச புள்ளையா? பேர் இன்னா?"

"வின்சென்ட், ஆண்ட்டி."

"கோலார்தானே? அப்பா இன்னா வேல?"

"டிம்பர்மேன். அண்டர்கிரவுண்ட்ல மரம் முட்டுக் கொடுக்கற வேலை."

"அப்ப உனக்குத் தெரியும். இங்க வந்து கேளு."

குனிந்தேன். சீறல் கேட்டது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டராக இருக்கலாம், அல்சூர்ப் பக்கம் ஓடும் மெட்ரோவாக இருக்கலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு அதற்கு அடியிலிருந்து அது வந்தது. இரும்பில் கல் படும் சத்தம். இரண்டு, ஒன்று என்ற கணக்கு எதுவும் இல்லை. பல கைகள், ஒவ்வொன்றும் தன் போக்கில், விடாமல் தட்டிக்கொண்டிருந்தன.

"மொத நாள் அவரத்தான் தேடினேன். அவரு இல்ல. இவங்க இருக்காங்க."

"யாரு ஆண்ட்டி?"

"தெரியலபா. நெறைய பேரு. அவரு தட்டிட்டு நிறுத்துவாரு, பதிலுக்கு. இவங்க நிறுத்தறதே இல்ல. பதிலே வராதவங்கதான் இப்படித் தட்டுவாங்க."

கரண்டியால் ஜன்னல் கம்பியில் மூன்று முறை தட்டினார். ரேடியோவில் எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் நின்றன. சீறல் மட்டும் இருந்தது. பிறகு மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக, முன்னைவிடக் கிட்டத்தில்.

வாசலில் நின்றிருந்த பிரிசில்லா வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லிடுங்கண்ணா" என்றாள்.

"ஆண்ட்டி, தப்பு நாங்க பண்ணது. கீறலத் தள்ளிப் போட்டுட்டேன். சரியான டயல் கொண்டுவந்திருக்கேன். அஞ்சு நிமிஷத்துல மாத்திடறேன். அங்கிள் தட்டறது திரும்பக் கேக்கும்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையை மட்டும் நீட்டினார். செய்தித்தாளைப் பிரித்து டயலைக் கொடுத்தேன். விரல் நுனியால் தடவிக்கொண்டே போய், கீறலில் நகம் பட்டதும் நின்றார்.

"இங்கதான் இருக்காரு" என்றார் மெல்ல.

"மாத்தட்டுமா?"

"உங்கப்பா உனக்குச் சொல்லித் தரலியா? தட்டற சத்தம் காதுல வுழுந்தா, பதில் தட்டாம தாண்டிப் போகக் கூடாது."

சொல்லியிருந்தார். எழுத்துப் படிக்கும் முன்பே எனக்குத் தெரிந்த விதி அது. அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்றாலும் தலையாட்டினேன்.

"அவரு காத்துக்கினு இருப்பாரு. அவருக்குப் பழக்கந்தான்." டயலை என் மடியில் வைத்தார். "இவங்கள எப்படி வுட்டுட்டு எழுந்திருக்கறது?"

"அம்மா, அப்ப புனே..."

"நீ போய் வேலையப் பாரு கண்ணு. நான் அப்பாவுக்காகத்தான் வரலன்னு நெனச்சியே. இப்ப அவரையே வுட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன், பாரு."

பிரிசில்லா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தள்ளிப் போடச் சொன்ன அந்த நான்கு மில்லிமீட்டரை அவளும் நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள். நான் டயலைப் பார்த்தேன்.

"காலையிலேர்ந்து தட்டிக் கை ஓஞ்சுபோச்சு" என்றார் மேரியம்மா. "ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரேன். அதுவரைக்கும் நீ தட்டு. கோலார்ப் புள்ளதானே."

கரண்டியை வாங்கிக்கொண்டேன். அதன் காம்பு அவர் கைச்சூட்டில் இருந்தது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் சமையலறைக்குப் போனார். டம்ளர் உரசும் ஓசை கேட்டது.

கம்பியில் மூன்று முறை தட்டினேன்.

ரேடியோவுக்குள் தட்டல் நின்றது. யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அவர்கள் கேட்பதை நானும் கேட்டேன். பிறகு மறுபடி தட்டத் தொடங்கினார்கள். இந்த முறை எல்லோரும் சேர்ந்து அல்ல. ஒருவர் முடித்து, ஓர் இடைவெளி விட்டு, அடுத்தவர். வரிசையில் நிற்கச் சொன்னதுபோல.

ஒவ்வொருவருக்கும் பதில் தட்டினேன். வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை.