திங்கட்கிழமைப் பணம்

தோற்றவனுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும், அவன் தான் தோற்றதாகவே நினைக்கமாட்டான். சீட்டாட்ட ஆப் நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கீலுங் துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த சுங்-ஹானுக்குத்தான் தெரியாமல் போயிற்று. அதற்காக அவனை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. முட்டாளாக இருந்திருந்தால் ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருப்பான்.

அவன் கெட்டிக்காரன், அதுதான் கேடு. வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து ஒரே நேரத்தில் நாலு மேசைகளில் போக்கர் ஆடினான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்தில் ஆப்காரன் ஒரு விள்ளல் எடுத்துக்கொள்வான். யார் ஜெயித்தாலும் அந்த விள்ளல் அவனுக்கு. வாரம் முழுக்க அப்படி எடுத்ததில் ஒரு பங்கை, திங்கட்கிழமை மதியம், ஆடியவனுக்கே கேஷ்பேக் என்று திருப்பித் தருவான். ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்கமாட்டான். எவ்வளவு ஆடினாய் என்பதுதான் அவன் கணக்கு. சுங்-ஹான் மேசையில் கொஞ்சம் தோற்பான், கேஷ்பேக்கில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்குவான். மிஞ்சியதைச் சம்பளம் என்று சொல்லிக்கொண்டான்.

அவன் மனைவி பெய்-ஜூ கோயில் சந்தைக்குப் பின்னால் ஒரு சலூனில் பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் பூசிச் சம்பாதித்தாள். நாற்பது வயது. சோதனைக்குழாய்க் குழந்தைக்காக இரண்டு முறை முயன்றாயிற்று, இரண்டும் தங்கவில்லை. கடைசியாக ஒரு தடவை, அதையும் வருஷம் முடிவதற்குள் செய்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் செலவுக்கென்று பெய்-ஜூ பெயரில் தனியாக ஒரு கணக்கு இருந்தது. முக்கால்வாசி சேர்ந்திருந்தது. வீட்டில் சோறு இல்லாவிட்டாலும் அதில் கை வைப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

"சீட்டாடுறவன் தோக்கத்தானே செய்வான்?" என்று அவள் ஆரம்பத்தில் சண்டை போட்டாள்.

"தோத்தாலும் திரும்பி வரும். இதோட சூட்சுமமே அதான். உனக்குச் சொன்னா புரியாது."

சொன்னால் புரியாது என்று சொல்லிவிட்டு மறுநாளும் சொன்னான், அதற்கு மறுநாளும் சொன்னான். தோத்தாலும் திரும்பி வரும். பாவி, அதை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவனை இந்த ஆப்பில் சேர்த்துவிட்டவன் ஆ-லியாங். ராணுவச் சேவையில் இவனுக்கு ஜூனியர். அவன் ஒரு நாள் யோசனை சொன்னான்: "அண்ணே, உங்களுக்குக் கீழ நாலு பேரைச் சேத்துடுங்க. லைன் தலைவர் ஆயிடுவீங்க. ஆப்காரன் எடுக்கிற விள்ளல்ல பாதி திரும்பக் கிடைக்கும். அவங்க கேஷ்பேக்கும் உங்க கணக்குக்குத்தான் வரும், நீங்க பாத்துப் பிரிச்சுக் குடுத்துக்கலாம்."

பழைய ஆபீசில் இரண்டு பேர், ஒரு சித்தப்பா மகன் என்று மூன்று பேர் தேறினார்கள். அவர்களுக்கு வாரம் இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி முடித்துவிட்டான். நாலாவதற்குப் பெய்-ஜூவின் போனை வாங்கினான்.

"சும்மா பேருக்குத்தான். நீ ஒண்ணும் ஆட வேணாம்."

"பேருக்குன்னா மட்டும் என் ஞாபகம் வந்துடும்," என்று அவள் போனை நீட்டினாள்.

கோடையில் கேஷ்பேக் வீங்க ஆரம்பித்தது. போன வாரத்தைவிட இந்த வாரம் அதிகம், அதைவிட அடுத்த வாரம். ஆட்டம் கடைசியில் கைக்குப் பழகிவிட்டது என்று சுங்-ஹான் நினைத்தான். அந்தத் தொகையின்மேல் விரலை வைத்தால் யார் மூலம் எவ்வளவு வந்தது என்று ஆப் பிரித்துக் காட்டும். அவன் விரலை வைக்கவில்லை. லாபம் வரும்போது எவன் அதைத் தோலுரித்துப் பார்ப்பான்? திங்கள்தோறும் தெருமுனைக் கடை ஏ.டி.எம்மில் பணத்தை எடுத்து, மனைவி கையில் கொடுத்து, "கிளினிக் கணக்குல போட்டுடு" என்பான். அவள் முன்போல எதிர்த்துப் பேசாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். புருஷன்மேல் கடைசியில் மரியாதை வந்துவிட்டது என்று அவனுக்கு உள்ளூரப் பூரிப்பு.

நிலா பார்த்துக் கொண்டாடும் நடு இலையுதிர்ப் பண்டிகையன்று வழக்கம்போல மழை. கீலுங்கில் நிலாவைப் பார்ப்பதும் ஒன்றுதான், ஆப்காரனின் முகத்தைப் பார்ப்பதும் ஒன்றுதான். கட்டிட வாசலில் தார்ப்பாய் கட்டி எல்லோரும் இறைச்சி சுட்டார்கள். பெய்-ஜூ பம்பளிமாஸ் பழத்தோலைப் பூவாகக் கீறி, மாடி வீட்டுக் குழந்தையின் தலையில் தொப்பியாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஆ-லியாங் பண்டிகைப் பலகாரமான மூன்கேக் நிறைந்த ஒரு பெரிய பெட்டியோடு வந்தான்.

"ஆப்காரங்க குடுத்தனுப்பினாங்க அண்ணே. இந்தக் கோடையில நம்ம குரூப்பிலயே உங்க வீடுதான் முதல்."

"ஏதோ நம்ம ஆட்டம் அப்படி," என்றான் சுங்-ஹான் அடக்கமாக.

"உங்க ஆட்டமா? நீங்க எப்பவும்போல ஊர்றீங்க. அண்ணிதானே பின்னி எடுக்கிறாங்க. காலையில பாத்தாலும் மேசையில இருக்காங்க, சாயங்காலம் பாத்தாலும் இருக்காங்க. ஏன் அண்ணி, சலூனுக்கு ஆளே வர்றதில்லையா?"

சுங்-ஹானும் சிரித்தான். சிரித்தபடியே போனை எடுத்து, இத்தனை நாளும் தொடாத அந்தத் தொகையின்மேல் விரலை வைத்தான். அவன் பெயருக்கு எதிரே பழைய தொகைதான் இருந்தது. மற்ற மூவருக்கும் சொற்பம் போக, மீதி முழுவதும் பெய்-ஜூவின் பெயரில் இருந்தது.

மாடிப்படியில் அவளைப் பிடித்தான்.

"நீ ஆடினியா?"

"வந்தவங்க தலையில சாயம் ஊறுற நேரத்துல. சும்மாதானே உக்காந்திருக்கேன்னு."

"கணக்குப் பணத்துலயா?"

"கால்வாசி குறைஞ்சுதே. வருஷம் முடியுதே. தோத்தாலும் திரும்பி வரும்னு நீதானே தினம் சொன்ன?" அவள் குரல் உயரவேயில்லை. "எனக்குத் திரும்பி வரவே இல்ல. கேட்டா நீ கண்டுபிடிச்சுடுவ. நெறைய ஆடினவங்களுக்கு மொத்தமா வரும்போலன்னு இன்னும் ஆடினேன்."

அவனுக்குத் திரும்பி வந்ததெல்லாம் அவளுடையது என்று சொல்ல வாயெடுத்தவன், போனை அவளிடம் நீட்டினான். சொல்லத் தேவை இருக்கவில்லை. அவள் அவன் போனை வாங்கிப் பார்த்தாள்; கணக்குப் போடத் தெரியாதவளா என்ன.

"அப்ப, திங்கக்கிழமை திங்கக்கிழமை நீ குடுத்தது?"

"உன்னோடதுதான்," என்றான் அவன். "அதை எங்க போட்ட?"

"எங்க போடுவேன்? திரும்ப ஆட்டத்துலதான்."

"இப்ப எவ்வளவு மிச்சம்?"

"போன வாரம் நீ குடுத்ததுல பாதி."

கீழே இருந்து ஆ-லியாங், இறைச்சி கருகுது, சீக்கிரம் வாங்க என்று கூப்பிட்டான். இருவரும் இறங்கிப்போய்ச் சாப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் மூன்கேக் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்று மாடி வீட்டுக்காரி இரண்டாவது துண்டும் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதியம், சொல்லி வைத்தாற்போல் கேஷ்பேக் விழுந்தது. சுங்-ஹான் அதை ஏ.டி.எம்மில் எடுத்து வந்தான். வழியெல்லாம், இன்றோடு இந்த ஆப்பை அழித்துவிட வேண்டும், துறைமுகத்தில் போய்க் காலில் விழுந்தாவது வேலை கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். கதவைத் திறந்தபோது பெய்-ஜூ போனில் கிளினிக்கோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா, ரத்து பண்ணாதீங்க. தேதியை மட்டும் தள்ளி வைங்க. பணம் திரும்பி வந்துட்டே இருக்கு."

பேசியபடியே, அவன் முகத்தைப் பார்க்காமல், அவள் கையை நீட்டினாள்.