முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டி

1

"என் மூஞ்சி ஹெல்மெட்டுக்குள்ள இருக்கு. பேரு பேன்டுக்குள்ள இருக்கு. மிச்சம் வெளிய தெரியுறது என்ன? ஒரு தண்ணித் தொட்டி. அதத்தான எங்கம்மா டிவில பாத்துச்சு?"

"கத்தாதே. மாஷி ஜன்னல்ல நிக்கறா."

"நிக்கட்டும். அக்காவுக்குத் தெரியாம இந்த பில்டிங்ல என்ன நடந்திருக்கு?"

"ஆரே பாபா, நான் வேணும்னு பண்ணலே. டிசைன்ல பார்க்கறச்சே அழகா இருந்தது."

"நான் டிசைன்ல வெளையாடல, ஹம்சி. கிரவுண்ட்ல வெளையாடுதேன்."

அதற்கு ஹம்சினி சொன்ன பதில்

(இந்த வாக்கியத்தை இப்படியே தொங்க விடுகிறேன். நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றுபோனது அந்தப் பதிலால்தான். அதை முதல் பக்கத்திலேயே கொடுத்துவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். எனக்கு ஆள் வேண்டும்.)

2

கதை எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் மற்றவர்கள் மழையையோ ரயில் பயணத்தையோ சொல்வார்கள். எனக்குச் சமையலறை ஜன்னல் வழியாகக் கிடைத்தது. டாலிகஞ்சில் எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுத் திருப்பம் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே. அன்று காலை தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் பாதி வார்த்தைகள் காதில் விழவில்லை. போய் நிறுத்தினேன். மேல்மாடிக்காரர்கள் குளிக்காமல் ஆபீசுக்குப் போனார்கள். இலக்கியத்துக்கு யாராவது ஏதாவது இழக்கத்தானே வேண்டும்.

அக்கா, மாஷி இரண்டும் நான்தான். பெயர் பிரியம்வதா. ஃபிராங்க்ளின் என்னை அக்கா என்பான். ஹம்சினி வங்காள வழக்கப்படி மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டு எனக்குப் பத்து வயது கூட்டுவாள். அவள் மேல்மாடி சிவராமகிருஷ்ணனின் ஒரே பெண்; குடும்பம் இந்த வங்காள ஊருக்கு வந்து நூறு வருஷம். விளம்பர நிறுவனம் ஒன்றில் டிசைனர். ஃபிராங்க்ளின் கோவில்பட்டிக்காரன், ஹூக்ளி ஹாக்ஸ் என்ற ஹாக்கி அணியின் கோல்கீப்பர்.*

* அணியின் பெயர் என் கற்பனை. பின்னால் வரும் தண்ணீர்த் தொட்டிக் கம்பெனியும் அப்படியே. கோவில்பட்டியின் பெயரையும் மாற்றத்தான் பார்த்தேன். ஆனால் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஹாக்கி மட்டை இருக்கும் ஊர் என்று எழுதிய உடனே எல்லாரும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

3

முதலில் இந்தக் கதைக்கு வேறு ஆரம்பம் எழுதினேன்:

"சிவராமகிருஷ்ணன் ஈஸிசேரிலிருந்து எழுந்தார். அவர் கைகள் நடுங்கின. 'ஒரு கிறிஸ்தவப் பையனை'

அடித்துவிட்டேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. இந்தக் காதலுக்கு அப்பா குறுக்கே நிற்பார் என்று கட்டடமே காத்திருந்தது. நான் இரண்டு வேளை சமையலைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தேன். மனிதர் பக்கத்து பெஹாலாவில் ஒரு பயிற்சி ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். "பையன் பயப்படாம விழறான்" என்றார். அதுதான் சம்மதம். சீசன் முடிந்ததும் கல்யாணம் என்று முடிவானது. அவரை இந்தக் கதையிலிருந்து நீக்கிவிடலாம். தடையாக வருவார் என்று நம்பி இடம் ஒதுக்கியிருந்தேன், ஏமாற்றிவிட்டார்.

தடையாக வந்தது ஒரு சட்டை.

4

ஹாக்கி ஜெர்சி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஹம்சினி என் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்துக் காட்டியதால் இப்போது தேவைக்கு மேல் தெரியும். நெஞ்சில் ஒரு விளம்பரம், கையில் ஒன்று, காலருக்குக் கீழே ஒன்று. முதுகில் மேலே ஆட்டக்காரன் பெயர், நடுவில் எண், அதற்கும் கீழே இன்னொரு விளம்பரம். அந்தக் காலத்தில் எழுத்தை வெட்டித் துணியில் ஒட்டுவார்களாம். இப்போது மையே நூலுக்குள் ஏறிவிடுகிறது; சுரண்டினாலும் போகாது. (இந்த வரியைச் சோகமான இடத்தில் உபயோகிக்க எடுத்து வைத்திருந்தேன். வேண்டாம், மலிவாக இருக்கிறது.)

அவள் வரைந்த ஜெர்சி வெள்ளை. கீழே அகலமாகச் சிவப்பு பார்டர். துர்கா பூஜோ சமயத்தில் அஷ்டமி அஞ்சலிக்குப் பெண்கள் உடுத்திக்கொண்டு வரும் சிவப்புக் கரைப் புடவை அப்படியே. பார்த்ததும் எனக்கே ஒன்று வாங்க வேண்டும் போலிருந்தது. ஆனால் பணம் போடும் பாரிஜாத் வாட்டர் டேங்க்காரர்கள் அந்த வெள்ளையைப் பார்த்து, எவ்வளவு இடம் காலி என்றார்கள். எல்லார் நெஞ்சிலும் தொட்டிப் படம் வேண்டும். கறுப்புத் தொட்டி, மூடியோடு.

மீட்டிங்கில் ஹம்சினி சொன்னாளாம்: "மத்தவாளை விட்டுடுங்கோ. கோல்கீப்பர் முதுகை முழுசா எடுத்துக்கோங்கோ. டிவியில அதுதான் ஜாஸ்தி தெரியும்."

இது அவளுக்கு எப்படித் தெரியும்? காளிகாட் மெட்ரோ வாசலில் வேர்க்கடலை கொறித்தபடி ஃபிராங்க்ளின் பீற்றிக்கொண்டது. "பெனால்டி கார்னர்னா கோலுக்குப் பின்னால இருக்க கேமராலதான் காட்டுவான். அப்ப டிவி பூரா நம்ம முதுகுதான், பாத்துக்கோ." காதலன் பெருமைக்குச் சொன்னதைக் காதலி ஆபீசில் சதுர அங்குலமாக அளந்து கொடுத்துவிட்டாள்.

(இந்த இடத்தில் அவளை எனக்குப் பிடிக்காமல் போனது. மேலதிகாரிதான் அந்த யோசனையைச் சொன்னார், அவளால் மறுக்க முடியவில்லை என்று ஒருமுறை மாற்றி எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. ஆனால் அவளே என்னிடம், "நான்தான் சொன்னேன் மாஷி, வெள்ளையைக் காப்பாத்தணும்னு" என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னபோது என் வீட்டு மேஜை விரிப்பின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள்.)

கோல்கீப்பர் சட்டை மட்டும் வேறு நிறம், கடுகு மஞ்சள்; கரை அதே சிவப்பு. முதுகு முழுக்கத் தொட்டி என்றால் பெயர் எங்கே போகும்? பார்டருக்கு. சிவப்பில் வெள்ளை எழுத்து. கரைதான் புடவைக்கு முகம் என்று பார்த்து வளர்ந்தவள். அங்கே போட்டால் மரியாதை என்றே நினைத்தாள். கரையை யாராவது உள்ளே செருகுவார்களா?

கோல்கீப்பர்கள் செருகுவார்கள். பஞ்சு வைத்துத் தைத்த பெரிய அரை பேன்டைச் சட்டைக்கு மேல் ஏற்றிக் கட்டுவார்கள். இல்லாவிட்டால் விழுந்து புரளும்போது துணி சிக்கும். எத்தனையோ ஆட்டங்களில் அவனைப் பார்த்தவள்தான். ஆனால் அவள் இடுப்பையா பார்த்துக்கொண்டிருந்தாள்?

அவனுக்கு முன்பக்க டிசைனை மட்டும் காட்டியிருந்தாள். அரையிறுதிக்குச் சற்று முன்னால் ஜெர்சி கையில் வந்தபோது அவன் தொட்டியைப் பார்த்துச் சிரித்தான். கீழே பெயரைப் பார்த்து, "அது போதும்" என்றான். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னான்: "ஹெல்மெட் போட்டா மூஞ்சி தெரியாதும்மா. நம்பர்லாம் பாத்துட்டிருக்காத. முதுகுல கீழ பாரு, சிவப்புல பேரு இருக்கும்." பிறகு மைதானத்துக்கு ஓடும் அவசரத்தில் எப்போதும் போல் செருகிக்கொண்டான். பழக்கம்.

5

[கோவில்பட்டி வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி ஆறுக்குப் போய்விடவும். கெஞ்சிக் கேட்கிறேன். காரணம் பின்னால்.]

அரையிறுதி. முதல் பாதியில் ஃபிராங்க்ளின் இரண்டு கோல் விட்டான். இரண்டாம் பாதிக்குப் பயிற்சியாளர் அவனை உட்கார வைத்துவிட்டு, மற்றொரு கோல்கீப்பர் நரேனை இறக்கினார். அவன் பெஹாலாப் பையன். அதே கடுகு மஞ்சள் ஜெர்சி, அதே ஹெல்மெட், முதுகில் அதே தொட்டி. கடைசி நிமிடங்களில் எதிரணிக்குப் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கோல்கீப்பரும் பந்தும் மட்டும். நரேன் இடதுபக்கம் பாய்ந்து கையால் தட்டினான். ஹாக்ஸ் இறுதிப் போட்டிக்குப் போனது.

கோவில்பட்டியில் ஃபிராங்க்ளின் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்ததாம். கூச்சலில் வர்ணனை யாருக்கும் கேட்கவில்லை. சிவப்பில் பெயரைத் தேடியவர்களுக்குத் தொட்டிதான் தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்த கோல்கீப்பர் ஒருவன்தான். தெருவில் வெடி வெடித்தார்கள்.

அம்மா போன் செய்தபோது அவன் இன்னும் பெஞ்சில்தான் இருந்தான், ஹெல்மெட் மடியில்.

"எய்யா, அந்த ஒத்தப் பந்தப் பிடிச்சியே. கர்த்தர் கைய்யா அது. ஃபாதர்கூட அழுதுட்டாரு. நீதான, எய்யா? பேரத் தேடுனேன், காங்கல."

"ஆமாம்மா" என்றான்.

அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

6

(வாருங்கள், கோவில்பட்டிக்காரர்களே. அரையிறுதியில் ஹாக்ஸ் ஜெயித்தது. வேறொன்றும் இல்லை.)

மறுநாள் காலை, படிக்கட்டுத் திருப்பம். "நான் டிசைன்ல வெளையாடல, ஹம்சி. கிரவுண்ட்ல வெளையாடுதேன்" என்று அவன் சொன்னதற்கு அவள் சொன்ன பதிலை எத்தனை விதமாகவோ எழுதிப் பார்த்தேன். வங்காளியில் சொன்னாள், அவனுக்குப் பாதிதான் புரிந்தது என்று ஒன்று. சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்று ஒன்று. எதுவும் நிற்கவில்லை. தமிழில் ஆரம்பித்து வங்காளியில் முடிக்கும் பெண், அன்று ஒரு வார்த்தை கலக்காமல் நல்ல தமிழில் சொன்னாள்:

"பேர் தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன? அந்தப் பந்து வர்றச்சே நீ உக்காந்துண்டுதானே இருந்தே."

மோட்டார் ஓடவில்லை அல்லவா. கட்டடம் முழுவதற்கும் கேட்டது.

அவன் "செரி" என்றான். அவளைப் பார்க்காமல் என் ஜன்னலைப் பார்த்து, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினான். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிட வேண்டியது அவன்தான் என்று அவள் நினைத்திருக்கலாம். எனக்கு அந்த நிசப்தம் பொறுக்கவில்லை. போய் மோட்டாரைப் போட்டேன்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: இறுதிப் போட்டியில் ஃபிராங்க்ளின் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு ஆடுகிறான். சிவப்பில் பெயர் ஜொலிக்கிறது. கோவில்பட்டி எழுந்து நிற்கிறது. ஹம்சினி கேலரியில்

(நடக்கவில்லை. இறுதிப் போட்டியில் அவனை இறக்கவே இல்லை.)

இரண்டாவது முடிவு: ஹம்சினி அவன் அம்மாவுக்குப் போன் செய்து, எல்லாம் என் தப்பு என்கிறாள். அம்மா சிரித்து

(அவள் அப்படிச் செய்தால், தடுத்தது அவன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். அதனாலேயே செய்யவில்லை. அவளைப் பற்றி இதுவரை கொஞ்சம் கேலியாகவே எழுதிவிட்டேன். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.)

நடந்தது இது. அவள் டிசைனைத் திரும்ப எடுத்து, தொட்டியே இல்லாமல், தோளுக்குக் கீழே பெரிய எழுத்தில் ஃபிராங்க்ளின் என்று போட்டு ஒரே ஒரு ஜெர்சி அச்சடித்தாள். அணிக்காக இல்லை. அது வந்து சேர்ந்தபோது அவன் ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தான். "நீங்க எப்பவாவது பார்த்தா குடுத்துடுங்கோ மாஷி" என்று பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். அவன் கூப்பிடுவானா என்று கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. அவன் என்னைக்கூடக் கூப்பிட்டிருக்கவில்லை.

8

அடுத்த வருஷம் ஃபிராங்க்ளினின் கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண் தூத்துக்குடியில் நர்ஸ், பெயர் மஹிமா. யாரும் கட்டாயப்படுத்தாமல் அவ்வளவு தூரம் போனேன் என்றால் காரணம் உங்களுக்குத் தெரியும். பொட்டலம் பாதி, ஆவல் பாதி. மண்டபத்தில் அவனிடம் கொடுத்தேன். பிரித்து, எழுத்துகளை விரலால் ஒருமுறை தடவினான். "தொட்டி இல்லியேக்கா" என்றான். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. அதற்குள் அவன் அம்மா வந்துவிட்டார்.

அவர் அதை வாங்கி எல்லாரும் பார்க்கும்படி விரித்துப் பிடித்தார்.

"இந்தா, இதத்தான் நான் தேடுனேன். இதப் போட்டுக்கிட்டுத்தான அந்த ஒத்தப் பந்தப் பிடிச்சான். இல்லியாம்மா? நீங்க பக்கத்துல இருந்து பாத்திருப்பீங்களே."

அவன் என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் ஹெல்மெட் இல்லை. அது இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மூன்று மாடிச் செய்தியை மூச்சு விடாமல் சொல்லும் வாய் இது.

"ஆமா" என்றேன்.

இனி உங்கள் பாடு. ஐந்தாம் பகுதியோடு இந்தக் கதையை வைத்துக்கொள்வதா, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கிழித்தால் ஹம்சினி காரணமில்லாமல் கொடூரமாகப் பேசியவளாகிவிடுவாள். வைத்துக்கொண்டால் கோவில்பட்டியில் ஒரு சுவரிலிருந்து ஒரு சட்டை இறங்கும். இரண்டில் எதற்கும் எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் யார் எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். நரேன் வேறு அணிக்காக புவனேஸ்வர் போய்விட்டான். பெஹாலாவில் அவன் தடுத்ததை இன்னும் பேசுகிறார்கள், சரியான பெயரோடு. ஃபிராங்க்ளின் ஆட்டத்தை விட்டுவிட்டு தூத்துக்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். ஹம்சினி சைதன்யா என்ற பையனைக் கட்டிக்கொண்டு புனே போனாள். சிவராமகிருஷ்ணனும் வீட்டை விற்றுவிட்டுக் கூடவே போய்விட்டார். போன பூஜோவுக்கு அவள் போன் செய்தாள். ஊர்க் கதை எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டாள்.

"அவன் அம்மா பார்த்தாளா, மாஷி?"

"பார்த்தாங்க. கூடத்துல மாட்டியிருக்காங்க."

"முதுகுப் பக்கம்தானே?"

"முதுகுப் பக்கம்தான்."

"பேர் நன்னா தெரியறதா?"

"வாசல்லேர்ந்தே தெரியுது" என்றேன்.