கொதித்துவிட்டார்கள்

டூகல் அடுப்பைப் பற்றவைத்தான். அவன் மனைவி இஷ்பெல் பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்றாள். கையாலும் உதவக்கூடாது, வாயாலும் உதவக்கூடாது என்று பிலிப்பா முதலிலேயே சொல்லியிருந்தாள்.

பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் தனியே விடலாமா என்று அவர்கள் சமையலறையிலேயே வைத்துப் பார்ப்பது பிலிப்பாவின் வேலை. இங்கிலாந்தின் தென்கோடியிலிருந்து வடக்கே, இந்த ஹண்ட்லி ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. டூகல் தன் காலை உணவைத் தானே செய்து, அடுப்பையும் அணைத்துவிட்டால், இஷ்பெல் பழையபடி விடியுமுன் பள்ளிப் பேருந்தை எடுக்கப் போகலாம். இல்லாவிட்டால் அவன் பராமரிப்பு இல்லத்துக்குப் போகவேண்டும். அங்கே ஓர் அறை காலியாக இருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

இரண்டில் எது தனக்கு வேண்டும் என்று இஷ்பெல் தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்தாள். உறைபனி நாட்களில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போகும். கிள்ளினால் யாரையோ கிள்ளுவது போலிருக்கும். இப்போது உள்ளேயும் அப்படித்தான் இருந்தது.

அவசரமான காலைகளில் இந்த வீட்டில் எப்போதும் ஓட்ஸ் கஞ்சிதான். ஓட்ஸ், தண்ணீர், உப்பு. வேறொன்றும் கிடையாது. பல் துலக்கிக்கொண்டே அவள் கிளறியிருக்கிறாள்.

டூகலின் வலது கை இன்னும் சரியாக எழவில்லை. இடது கையால் துடுப்புக் கட்டையைப் பிடித்து வலப்பக்கமாகவே கிளறினான். இடப்பக்கம் கிளறினால் பிசாசு வரும் என்பதை இங்கே யாரும் நம்புவதில்லை. ஆனாலும் யாரும் அப்படிக் கிளறுவதில்லை.

"எப்படிப் போகுது, டூகல்?" என்றாள் பிலிப்பா.

வார்த்தைகள் அவனுக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும். "அவங்க... இன்னும் தூங்குறாங்க."

"யாரு?"

"அவங்கதான். மெதுவா... எழுப்பணும். அவசரப்படுத்தினா... அடியில உக்காந்துக்குவாங்க. அப்புறம்... எந்திரிக்க மாட்டாங்க."

பிலிப்பா இஷ்பெல்லின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"இல்ல. நாங்க ரெண்டு பேருதான்."

"இல்லாதவங்க இருக்கறதா இவர் அடிக்கடி சொல்றதுண்டா?"

அப்போதுதான் இஷ்பெல்லுக்குப் புரிந்தது. இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் ஓட்ஸ் கஞ்சியை 'அது' என்று சொல்வதில்லை. பாதிரியாரைக்கூட 'அவன்' என்பார்கள், கஞ்சியை மட்டும் 'அவர்கள்' என்பார்கள். ஏனென்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெற்கிலிருந்து வந்தவள் எங்கே கண்டாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாவிட்டால் அது பொய்யும் ஆகாது. வாயாலும் உதவக்கூடாது என்பதுதானே பேச்சு. அந்தக் காலி அறையை நினைத்துப் பார்த்தாள். அதன் ஜன்னலோரம் டூகல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். பிறகு இந்த வீட்டில், இந்த மேசையில், தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை. வருத்தமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை.

"இஷ்பெல்?" என்றாள் பிலிப்பா.

டூகல் திரும்பினான். "ஏ புள்ள, தெற்கத்திக்காரிக்கும்... ஒரு கிண்ணம் எடு. அவங்க... வந்துட்டாங்க."

பிலிப்பா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

போன வருஷமாக இருந்தால் கணவனும் மனைவியும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"கஞ்சியத்தான் சொல்றாரு," என்றாள் இஷ்பெல். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலிருந்தது அவள் குரல். "நாங்க அப்படித்தான் சொல்லுவோம். கஞ்சின்னா அவங்க."

"கஞ்சி... அவங்களா?"

"அவங்கதான்."

பிலிப்பாவின் முகம் சிவந்தது. பிறகு சிரித்தாள். "நல்ல வேளை. ஏதோ ஆவியப் பாக்கறாருன்னு நெனச்சிட்டேன்."

"ஆவியும்... வருது பாரு," என்று டூகல் பாத்திரத்தைக் காட்டினான்.

அடுப்பைத் தானாகவே அணைத்தான். பிலிப்பா எதிர்பார்த்திருந்தது அதைத்தான். திருப்தியாகத் தலையாட்டினாள். அவன் கிண்ணங்களில் ஊற்றும்போது கொஞ்சம் மேசையில் சிந்தியது. பிலிப்பா நாற்காலியை இழுத்ததும் டூகல் கையைக் காட்டித் தடுத்தான்.

"நின்னுட்டு... சாப்பிடு. உக்காந்தா... முதுகுல குத்திடுவாங்க."

"இப்ப யாரு, கஞ்சியா?"

"பக்கத்து... ஊர்க்காரங்க. அந்தக் காலத்து... பகை."

பிலிப்பா சிரித்துக்கொண்டே ஒரு வாய் சாப்பிட்டாள். முகம் சுருங்கியது. மரியாதைக்கு விழுங்கினாள். "நீங்க உப்பு போட்டு சாப்பிடுவீங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவ்வளவு போடுவீங்கன்னு தெரியாது."

இஷ்பெல்லும் ஒரு வாய் எடுத்தாள். வாயில் வைக்க முடியவில்லை. அவன் உப்பு போட்டதை அவள் ஒருமுறை பார்த்திருந்தாள். அவளும் பிலிப்பாவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், போட்டதை மறந்து அவன் மறுபடி போட்டிருக்கிறான். அதையும் மறந்து இன்னொரு முறை.

டூகல் தன் கிண்ணத்தை இன்னும் தொடவில்லை. உப்பு டப்பாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள் பிலிப்பா.

"இப்படித்தான்," என்றாள் இஷ்பெல், இரண்டாவது வாய் எடுத்துக்கொண்டே.

திங்கட்கிழமையிலிருந்து இஷ்பெல் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு பிலிப்பா கிளம்பினாள். கதவு மூடியதும் டூகல் இடது கையை நீட்டி மனைவியின் கிண்ணத்தைப் பிடித்தான்.

"போதும்... புள்ள. கொட்டிடு."

அவள் விடவில்லை. அடிவரைக்கும் வழித்துச் சாப்பிட்டாள். நாக்கு எரிந்தது. தான் செய்தது அன்பா, வெறும் பழக்கமா என்று பார்க்க உள்ளே தேடினாள். ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, திங்கட்கிழமை கிளம்பும்போது உப்பைச் சின்னத் தட்டில் கொஞ்சமாக எடுத்துவைத்துவிட்டு டப்பாவை எங்கே ஒளித்துவைப்பது என்று அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினாள்.