தரையில் தவழ்ந்த புகை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்புப் பக்கம் இடமிருக்கிறது. சான் பெனிட்டோ பள்ளத்தாக்கில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ரூஃபஸ் கிம்பிள் மூட்டிய நெருப்பின் புகை ஒருநாளும் மேலே எழும்பியதில்லை. தரையோடு தவழ்ந்து போய், அவன் அப்பா ஓபேத்தின் கால்களைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். ஓபேத்துக்கு வேதாகமமே பஞ்சாங்கம். அறுப்பு முடிந்தால் மற்ற வீடுகளில் பூசணிப் பணியாரமும் பாட்டும். அவரோ களஞ்சியத்துக்குப் பின்னால் கல் அடுக்கி, இரண்டு பிள்ளைகளையும் காணிக்கை எரிக்கச் சொல்வார். ஆடு மேய்க்கும் இளையவன் எல்லிஸ் ஆட்டுக் கொழுப்பை எரித்தால் புகை தூக்குக்குண்டு நூல்போல நேரே வானத்துக்குப் போகும். நிலத்தை உழும் மூத்தவன் ரூஃபஸ் அவரைக்காயும் ஆப்ரிகாட் பழமும் வைத்து எரிப்பான். அந்தப் புகை அப்பாவைத் தேடி ஊர்ந்து வரும். அவர் இரண்டடி பின்வாங்குவார்.

“கர்த்தர் இவன் காணிக்கையை அங்கிகரிக்கல, லவீனா.”

“கர்த்தர் என்ன பண்ணாரோ தெரியாது. அது உங்க காலைத் தேடித்தாங்க வருது. பின்னால போறது நீங்கதான்,” என்பாள் அவர் மனைவி. வருஷா வருஷம் சொன்னாள். காற்றின் வேலையாக இருக்குமோ என்று ஒரு வருஷம் பிள்ளைகளை இடம் மாற்றி நிறுத்தியும் பார்த்தாள். புகைக்கு ஆள் தெரிந்திருந்தது.

பேச்சு ஊருக்குள் போயிற்று. காணிக்கை தள்ளப்பட்ட மூத்தவன் தம்பியைக் கொன்ற வேதாகமக் கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். “கோடாலி வேணுமா ரூஃபஸ்? தம்பிகிட்ட சொல்லிட்டு வந்தியா?” என்று கடைக்காரன் சிரித்தான். “அண்ணே, என்னைக் கொல்றதா இருந்தா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொல்லு. அம்மா பன்றிக்கறி வறுக்கிறாங்க,” என்பான் எல்லிஸ். ரூஃபஸும் சிரிப்பான். லவீனா மட்டும் சிரிக்கமாட்டாள்.

ஒருநாள் மேய்ச்சல் காட்டில் கோவேறு கழுதை உதைத்து எல்லிஸின் மண்டை உடைந்தது. ரூஃபஸ் அவனை முதுகில் சுமந்து முற்றத்துக்குள் வந்தான். ரூஃபஸின் சட்டையில் ரத்தத்தைக் கண்டதும், அந்தக் கதையின் மூத்தவனிடம் கர்த்தர் கேட்டதாக வாழ்நாளெல்லாம் படித்த வசனம் ஓபேத்தின் வாயிலிருந்து தானாக விழுந்தது: “உன் தம்பி எங்கே?”

“முதுகுல இருக்கான்ப்பா. கொஞ்சம் வழி விடுங்க.”

எல்லிஸ் பிழைத்துக்கொண்டான். அவன் எழுந்து நடந்த அன்று ரூஃபஸ் கிழக்கு மலையைத் தாண்டிப் போய்விட்டான். லவீனா கையில் ரொட்டியோடு வாசலில் நின்றாள். பிள்ளையைப் பிடித்து நிறுத்தவும் முடியவில்லை, புருஷன் சொன்ன சொல்லைத் திரும்ப அவர் வாய்க்குள் போடவும் முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் மலையிறங்கி வந்தது புகை. அன்றிலிருந்து தினமும் வந்தது. தபால்காரர் குதிரையை ஓரங்கட்டி அதற்கு வழிவிடப் பழகினார். அவரைக்காய் வாசமடித்தால் பிள்ளை சாப்பிட்டான் என்று லவீனா அறிவாள். ஈரவிறகு வாசம் மட்டும் வந்தால் அவளுக்கும் அன்று சோறு இறங்காது. எல்லிஸ் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அண்ணனைத் தேடிப் போனான். பாலைவனத்தில் காற்று கலைத்துவிட, திரும்பி வந்தான்.

வருஷங்கள் போயின. ஓபேத்துக்குக் கால்கள் விழுந்துவிட்டன. பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்த்தினார்கள். புகை வந்து பாதங்களின் மேல் படுத்தது. பின்வாங்க அவரால் அடி எடுக்க முடியவில்லை. நெடுநேரம் குனிந்து பார்த்தபடி இருந்தார்.

“இன்னிக்கு வெங்காயம் போட்டிருக்கான்,” என்றார்.

லவீனா அவர் காலைப் போர்த்தியிருந்த கம்பளியைச் சற்று விலக்கிவிட்டாள்.

உங்கள் வீட்டுப் புகை எழும்பினாலும் தவழ்ந்தாலும் அதற்குக் கதவு திறந்திருக்கட்டும், கண்ணுகளா. போன பிள்ளை எங்கே அடுப்பு மூட்டினாலும் விறகு காய்ந்திருக்கட்டும்.