செந்நாரைத் தீவுக்கு வந்தவர்கள்

ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கக் கலாதேவிக்கு இன்னும் பழகவில்லை. அரை டின் அரிசி போட்டாலும் மிஞ்சிவிடும். கணவர் இறந்துபோய் இரண்டாவது தீபாவளியும் வந்து போய்விட்டது. மகள் தினேஸ்வரிக்குச் சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "சாப்பிட்டியாம்மா?" என்று தொடங்கி, மூச்சு விடுவதற்குள் "சரிம்மா, வைக்கிறேன்" என்று முடிந்துவிடும். பத்து காஜா ஊரில் அவள் இருந்த தாமான் குடியிருப்பில் இரண்டு பக்கமும் வாடகை வீடுகள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று ஒன்றும் தெரியாது. கையுறைத் தொழிற்சாலை வேலையும் நின்றுபோன பிறகு, சில நாள்களில் அவள் வாய் திறப்பது மதில்மேல் ஏறும் பூனையை விரட்டுவதற்கு மட்டும்தான்.

தாமானுக்குப் பின்னால் பழைய ஈயக்குட்டை இருந்தது. ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன பள்ளம், தண்ணீர் நிறைந்து கோரையும் தாமரையும் மண்டி ஏரியாகவே மாறியிருந்தது. நடுவில் புதர் அடர்ந்த சின்னத் தீவு. கொக்கும் நாரையும் பொழுது சாய அங்கேதான் வந்து அடையும். கலாதேவி தினமும் கரையோரம் நடப்பாள். மகள் விட்டுப்போன பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொள்வாள். பார்க்கிறவர்கள், இந்தப் பொம்பளை வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறாள் என்று நினைக்கக் கூடாதே.

ஒரு நாள் தீவின் ஓரத்துக் கிளைகளுக்கு நடுவே செந்நாரைக் கூடு ஒன்று அவள் கண்ணில் பட்டது. மூன்று குஞ்சுகள். தலைமயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்க, வாயைப் பிளந்து கத்தின. தாய்ப்பறவை வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இறக்கையைத் தாழ விரித்து நிழல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை முகநூலில் பறவைப் படக்காரர்கள் குழு ஒன்றில் போட்டாள். விடிந்து பார்த்தால் ஆயிரத்துக்கு மேல் விருப்பக்குறிகள்.

"அக்கா, என்னா படம் லா இது! எந்த எடம்?" என்று ஒருவன் கேட்டிருந்தான். பேர் பவித்ரன். ஈப்போவில் கார் விற்பவன், அந்தக் குழுவை நடத்துபவனும் அவனே. அவளை அக்கா என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று! கூடு இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக் குழுவிலேயே போட்டு, வீட்டுக்கும் வரச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை அவள் வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள் நின்றன. பெரிய பெரிய கேமராக்கள், முக்காலிகள், காற்றடித்த ரப்பர் படகு ஒன்று, மேலே பறந்து படம் எடுக்கும் டிரோன். கலாதேவி மீகூன் கிளறி, கறிபாப் பொரித்து, பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி கலந்து வைத்தாள். கூடத்தில் நாற்காலி போதாமல் ஆள்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பில் வீடே வேறு வீடு போல இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். கூட்டம் இன்னும் பெருத்திருந்தது.

"அக்கா, ஒரு கிளை மறைக்குது. வீட்டுல பாராங் கத்தி இருக்கா?" என்று கேட்டான் பவித்ரன்.

கலாதேவி தீவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கிளையின் நிழல்தானே கூட்டின்மேல் விழுகிறது? ஆனாலும் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. முகம் சுளித்துக்கொண்டு வராமல் போய்விட்டால்? கொல்லைப்பக்கம் போய் எடுத்துவந்து கொடுத்தாள்.

படகில் போய்க் கிளையை வெட்டினார்கள். தாய்ப்பறவை அலறிக்கொண்டு எழும்பியது. சுற்றிச் சுற்றி வந்தது. இறங்கப் பார்க்கும்போதெல்லாம் டிரோன் குறுக்கே ரீங்கரித்தது. மறுபடியும் எழும்பித் தூரத்து மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வெயில் ஏறிக்கொண்டே போனது. குஞ்சுகள் முதலில் கத்தின, பிறகு தொண்டை துடிக்க வாயைத் திறந்தபடி கிடந்தன.

"தம்பி, போதும்பா. தாய் வந்து நெழல் குடுக்கணும். நாம கொஞ்சம் தள்ளிப் போலாம்."

"அஞ்சு நிமிசம் அக்கா. வெளிச்சம் நல்லா இருக்கு."

கலாதேவி இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். உரக்கவே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது கூட்டின் விளிம்பில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. இரண்டு குஞ்சுகள் அசையவே இல்லை. அசைந்த ஒன்றைக் காக்கை கழுத்தில் கவ்வியது. "ஏய்! ஏய்!" என்று அவள் கத்தியது கேமராக்களின் படபட சத்தத்தில் அமுங்கிப்போனது.

"கெடச்சிருச்சு! செம ஷாட்!" என்றான் பவித்ரன்.

அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் கரைக்கு வந்தபோது யாரும் இல்லை. தாய்ப்பறவை திரும்பி வந்து காலிக் கூட்டில் நின்றது. அலகில் கொண்டுவந்த மீனைக் கீழே வைத்தது, எடுத்தது, மறுபடியும் வைத்தது. கலாதேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கே தன் படத்தையும் இடக்குறியையும் நீக்கினாள். திங்கட்கிழமை வனவிலங்குத் துறைக்குப் போன் போட்டு, தான் பாராங் கொடுத்ததையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பவித்ரனிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, தீவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கூடு இருக்காமே. டிரோன்ல பாத்தோம். நாளைக்கு வாரோம். உங்க மீகூனும் வேணும்!"

மறுநாள் அவள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. குட்டைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் போய் நின்றாள். அவர்கள் சாமான்களோடு வந்தார்கள்.

"இந்தப் பக்கம் போவாதீங்கப்பா. நான் விட மாட்டேன்."

"என்னாக்கா இது? நாங்களும் பறவை மேல ஆசப்பட்டவங்கதான். படத்தப் பாத்தாதான் ஜனங்களுக்கும் பாசம் வரும்."

"எனக்கும் ஆசதான்யா. பாராங் எடுத்துக் குடுத்ததே நான்தான். மூணு உசுரு போனதுல எனக்கும் பங்கு இருக்கு. தூரத்துல நின்னு, அது பயப்படாம எடுத்தா நான் ஏன் தடுக்கப்போறேன்? கிளைய வெட்டி, தாயத் தொரத்திட்டு எடுக்கறதுக்குப் பேரு பாசமா?"

பவித்ரன் முகம் சிவந்தது. "அப்படின்னா இனிமே நாங்க வரமாட்டோம் அக்கா. பாத்துக்குங்க."

"தெரியும் தம்பி. நீங்க வரலன்னா என் வீட்டுக்கு வேற யாரும் வரமாட்டாங்க. அது தெரிஞ்சுதான் சொல்றேன். போயிட்டு வாங்க."

கூட்டத்தில் ஒருவர் இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பொழுது சாய்வதற்குள் குழுவிலிருந்து அவள் பேரை எடுத்துவிட்டார்கள். போனில் சத்தமே இல்லை.

அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து, கூடு வைக்கும் காலத்தில் யாரும் தீவுக்குப் போகக் கூடாது என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கத்துக் கூட்டில் குஞ்சுகள் வளர்ந்தன. கலாதேவி அக்கரையில் நின்று வெறுங்கண்ணால் பார்ப்பாள். தூரத்தில் அவை சின்னதாகத்தான் தெரிந்தன. அவளுக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை தினேஸ்வரி கேட்டாள், "அந்தப் படக்காரவங்கள்லாம் வாராங்களாம்மா?"

கலாதேவி நடந்ததைச் சொன்னாள்.

"பாவம்மா நீ. இப்ப தனியா இருக்கக் கஷ்டமா இல்ல?"

"கஷ்டம்தான் கண்ணு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா என் வீடு நெறையணும்னு இன்னொரு உசுரோட வீட்டக் காட்டிக் குடுத்துட்டேன் பாரு, அந்தக் கஷ்டம் இதவிடப் பெருசு. நாலு பேரு மெச்சணும்னு கூடு இருக்கற எடத்த ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது. நம்ம தனிமையத் தீத்துக்க, அதுங்களத் தனியாக்கற உரிமை நமக்குக் கெடையாதும்மா."